அவர் பரிசாகத் தந்த படம் யாருடையது?

“எட்டு மாதம் என்னிடம் ஆர்ட் தெரபிக்கு வந்த ஒருவர், போன வாரம் கடைசி அமர்வில், தான் வரைந்த பெரிய பேஸ்டல் படத்தை எனக்கே கொடுத்துவிட்டார். ‘உங்க இணையப் பக்கத்துல போடுங்க, என்னை மாதிரி நாலு பேருக்கு உதவும்’ என்றும் சொன்னார். வாங்கிக்கொண்டேன். பெயரை மறைத்துப் போடலாம் என்றிருக்கிறேன். அவரே சம்மதம் சொன்ன பிறகும் இதில் தவறு உண்டா?” ஓவியம் வழியாக மனநலச் சிகிச்சை தரும் ஆர்ட் தெரபிக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் கேட்டிருக்கும் கேள்வி இதுதான். இதற்குள் மூன்று கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. சிகிச்சைக்கு வந்தவர் தரும் படத்தை வாங்கலாமா? அதைப் பிறருக்குக் காட்டலாமா? அவர் சொன்ன ‘சரி’ போதுமா? நீங்கள் கேட்டது மூன்றாவதை. ஆனால் உங்களை உறுத்துவது முதலாவது என்று நினைக்கிறேன். ‘வாங்கிக்கொண்டேன்’ என்று தனி வாக்கியமாக எழுதியிருக்கிறீர்களே, அதில் தெரிகிறது.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: போடாதீர்கள். இப்போதைக்காவது வேண்டாம். வாங்கியது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் அந்த விஷயம் இன்னும் முடியவில்லை. நான் 18 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். மனநலப் பிரிவில் பெரியவர்களுடன் சில காலம், பிறகு குழந்தைகளுடன், இப்போது உங்களைப் போன்று புதிதாக வருபவர்களுக்கு மேற்பார்வை. சட்டம் படித்தவன் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் ஆவணங்களை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும், யாரிடம் காட்டலாம் என்ற விதிகள் வேறு வேறு. அந்தப் பகுதிக்கு உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்தவரையோ நீங்கள் வேலை செய்யும் இடத்தின் நிர்வாகத்தையோ கேளுங்கள். நான் சொல்லப்போவது வேலையின் உள்ளிருந்து தெரிவது. கீழே வரும் சம்பவங்களில் ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன், படத்தில் இருந்த பொருட்களைக்கூட.

பேச்சு வழிச் சிகிச்சையில் ஒருவர் சொன்னது காற்றோடு போய்விடும். மிஞ்சுவது நாம் எழுதும் குறிப்பு மட்டும். நம் வேலையில் அவர் சொன்னதே தாளில் தங்கிவிடுகிறது, அவருடைய கையெழுத்தைப் போல அடையாளத்தோடு. மூன்று வருடம் கழித்தும் அது அதே இடத்தில் அதே குரலில் பேசிக்கொண்டிருக்கும், வரைந்தவர் அதற்குள் வேறு மனிதராகியிருந்தாலும். பெயரை மறைத்தால் போதும் என்று நினைப்பது இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறது. ஒரு பெண்மணி எல்லாப் படத்திலும் ஒரு நீலக் கதவை வரைவார், கீழ்ப்பகுதி உடைந்த கதவு. அவர் ஒப்புதல் எழுதிக்கொடுத்து, பெயர் இல்லாமல், ஒரு சிறிய கண்காட்சியில் அதில் ஒன்று வைக்கப்பட்டது. ஏற்பாடு செய்தது நான்தான். எட்டிப் பார்க்க வந்த கூட்டத்தில் அவருடைய உறவுப் பெண் ஒருத்தி இருந்தாள். அந்தக் கதவு அவர்கள் இருவரும் சின்ன வயதில் வளர்ந்த வீட்டுக் கதவு. ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது: யார் வரைந்தது, எதைப் பற்றி வரைந்தது, எங்கே போய்க்கொண்டிருக்கிறார், எல்லாமும். மறுநாள் அவர் என்னிடம் கோபப்படவில்லை. “நானே தானே சரின்னேன்” என்றார். அதைக் கேட்பது கோபத்தைக் கேட்பதைவிடக் கடினமாக இருந்தது. தாளில் பெயர் இல்லை என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, படத்தையே ஓர் அடையாள அட்டையாக யாரோ படிக்க முடியும் என்பதை யோசிக்காமல் விட்டது என் தவறு.

சம்மதத்துக்கு வருகிறேன். உங்கள் கிளையன்ட் சம்மதம் சொன்ன நேரத்தைப் பாருங்கள். கடைசி அமர்வு. எட்டு மாதம் ஒருவர் உங்களுடன் கஷ்டப்பட்டு ஏதோ ஒரு கரைக்கு வந்திருக்கிறார். நன்றி பொங்குகிற நேரம். பிரிகிறோம் என்ற சங்கடமும் சேர்ந்திருக்கும். அந்த நிமிடத்தில் நீங்கள் எதைக் கேட்டாலும் ‘சரி’ என்றுதான் வரும். இங்கே நீங்கள் கேட்கக்கூட இல்லை, அவரே முன்வந்தார் என்பீர்கள். உண்மைதான். ஆனால் உங்களுக்கு எது பிடிக்கும், எது உதவும் என்று எட்டு மாதமாக அவர் கவனித்திருப்பார். உங்களுக்கு ஒரு பக்கம் இருப்பது தெரிந்திருக்கிறதே. சிகிச்சை அறையில் இரண்டு பேருக்கும் ஒரே அளவு பலம் இல்லை. அவர் தன்னைத் திறந்து காட்டியிருக்கிறார், நீங்கள் காட்டவில்லை. அந்த ஏற்றத்தாழ்வு கதவைத் தாண்டியதும் மறைந்துவிடாது. நான் ஒரு சின்ன சோதனை வைத்திருக்கிறேன்: இவர் என்னிடம் ‘வேண்டாம்’ என்று சொன்னால் எதையாவது இழப்பாரா, இழந்துவிடுவோமோ என்று பயப்படுவாரா? ஆம் என்றால் அந்த ‘சரி’யை நான் இன்னும் எடுத்துக்கொள்வதில்லை.

சரி, எப்படிப்பட்ட ஒப்புதலை எடுத்துக்கொள்ளலாம்? எழுத்தில் இருக்க வேண்டும். இதில் தொழில் சங்கங்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. 1969-இல் தொடங்கிய அமெரிக்க ஆர்ட் தெரபி சங்கத்தின் நெறிமுறையும் இதையே சொல்கிறது. ஆனால் எழுத்தில் இருப்பது பாதிதான். எந்தப் படம், எங்கே, எவ்வளவு நாள், யார் பார்ப்பார்கள், பக்கத்தில் என்ன எழுதப்படும் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். “என் படங்களைப் பயன்படுத்திக்கொள்ளலாம்” என்று பொத்தாம்பொதுவாக எழுதி வாங்குவதில் அர்த்தமில்லை. கையெழுத்து வாங்கும் முன் இடைவெளி வேண்டும், வீட்டுக்குப் போய் யோசிக்கிற அளவுக்கு. நினைத்தால் திரும்பப் பெறலாம் என்பதும் அதில் இருக்க வேண்டும். இங்கேதான் இணையம் இடிக்கிறது. சுவரில் மாட்டிய படத்தை ஒரு போன் வந்தால் கழற்றிவிடலாம். இணையத்தில் போட்டதை யார் யார் சேமித்து வைத்தார்கள் என்று உங்களுக்கே தெரியாது. திரும்பப் பெற முடியாத இடத்தில் ‘திரும்பப் பெறலாம்’ என்று எழுதிக்கொடுப்பது பொய். அதனால் நான் யாருடைய படத்தையும் இணையத்தில் போடுவதில்லை. இது என் முடிவு. கவனமாகச் செய்யும் நல்ல தெரபிஸ்டுகளும் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை: பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் குழந்தையிடமும் கேட்க வேண்டும், இரண்டும் இருந்தாலும் பொதுவெளியில் போடக்கூடாது. ஏழு வயதில் வரைந்ததை இருபது வயதில் அவள் எப்படிப் பார்ப்பாள் என்று இன்று யாராலும் அவள் சார்பில் முடிவு செய்ய முடியாது.

இது ஏதோ அதிகப்படியான எச்சரிக்கை என்று தோன்றினால், இந்தத் துறை பிறப்பதற்கு முந்தைய ஒரு கதையைப் பாருங்கள். ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மருத்துவர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் மனநல மருத்துவமனைகளில் இருந்தவர்களின் ஓவியங்களை ஆயிரக்கணக்கில் சேகரித்தார். 1922-இல் அவற்றைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் படங்களை நோயின் அறிகுறியாக மட்டும் பார்க்காமல் கலையாகப் பார்த்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். வரைந்தவர்களின் அடையாளத்தைக் காக்கப் புனைபெயர்களையும் வைத்தார். ஆனால் சேகரிப்பு ஒருமுறை உருவாகிவிட்டால் அது யார் கையில் போகும் என்பதை உருவாக்கியவரால் தீர்மானிக்க முடியாது. 1937-இல் மியூனிக்கில் நாஜிகள் ‘சீரழிந்த கலை’ என்ற பெயரில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அது பிறகு ஊர் ஊராகப் போனபோது, இந்தச் சேகரிப்பிலிருந்தும் படங்களை எடுத்து நவீன ஓவியர்களின் படங்களோடு சேர்த்துக் கேலிப்பொருளாக மாட்டினார்கள். புத்தகத்தில் ஃபிரான்ஸ் போல் என்ற பெயரில் வருபவரின் உண்மைப் பெயர் ஃபிரான்ஸ் கார்ல் பியூலர். இரும்பு வேலைப்பாட்டில் தேர்ந்த கைவினைஞர். 1940-இல் ஜெர்மனியின் கிராஃபனெக்கில், நாஜிகள் நோயாளிகளைக் கொன்ற திட்டத்தில் அவரும் கொல்லப்பட்டார். நம் காலம் அது இல்லை. உங்கள் பக்கமும் அப்படி ஒரு இடம் இல்லை. ஆனால் நல்ல மனதோடு ஒன்றாகச் சேர்க்கப்பட்ட படங்கள் வேறொருவர் கையில் என்னவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. பியூலர் பல காலம் வேறு பெயரில்தான் அறியப்பட்டார். அவ்வளவு நல்ல ஓவியருக்கு அவருடைய பெயரே இல்லாமல் இருந்தது. பெயரை மறைப்பது எப்போதும் மரியாதை ஆகிவிடாது. சிலர் “என் பேரோட போடுங்க, நான் வெட்கப்படல” என்று சொல்வார்கள். அவர்களிடம் ‘உங்கள் நன்மைக்காக’ என்று சொல்லிப் பெயரை அழிப்பதும் ஒருவகை அதிகாரம்தான். தன்னை ஓவியராக நினைக்கத் தொடங்கியவரைத் திரும்ப நோயாளியாக்கி உட்காரவைப்பது போல. இங்கே என்னிடம் உறுதியான பதில் இல்லை. ஒன்று மட்டும் செய்கிறேன். அவர் தன் படத்தைத் தானே, தன் பெயரில், தன் பக்கத்தில் போட விரும்பினால் அது அவர் உரிமை, நான் குறுக்கே நிற்பதில்லை. நான் போடும்போதுதான் அது என் விளம்பரமாகவும் ஆகிவிடுகிறது. அப்போது யாருடைய தேவைக்காகப் போடுகிறோம் என்ற கேள்விக்கு என்னாலேயே நேர்மையாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

இனி பரிசு. புதிதாக வருபவர்கள் இதை ‘வாங்கலாமா கூடாதா’ என்ற விதியாகக் கேட்கிறார்கள். அப்படிக் கேட்டால் பாதுகாப்பான பதில் ‘கூடாது’ என்பதுதான், பல நிறுவனங்களின் விதியும் அதுவே. ஆனால் படம் என்பது கடையில் வாங்கிய பேனா மாதிரி இல்லை. அதை உங்களிடம் விட்டுச் செல்வதே அவர் சொல்லும் ஏதோ ஒன்று. நன்றியாக இருக்கலாம். என்னை மறந்துவிடாதீர்கள் என்பதாக இருக்கலாம். இந்த வேதனையை நான் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பவில்லை என்பதாகவும் இருக்கலாம். ஒருவர் தன் படங்கள் இருந்த மொத்தக் கோப்பையும் என் மேஜைமேல் வைத்து “நீங்களே வெச்சுக்கோங்க சார்” என்றார். கண் கலங்கிவிட்டது எனக்கு. நல்ல வேளை, கேட்டேன்: “வீட்டுக்குப் போனா இதெல்லாம் எங்க இருக்கும்?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “தம்பி பார்த்தா கிழிச்சிடுவான்” என்றார். அதுவரை தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நன்றி என்று நான் வாங்கி வைத்திருந்தால் அந்தக் கதவு அப்படியே மூடிப்போயிருக்கும். அந்தப் படக் கோப்பை நிறுவனத்தின் அலமாரியில் குறிப்பிட்ட காலம் வைப்பது, எப்போது வேண்டுமானாலும் அவர் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி முடிவு செய்தோம்.

அதனால்தான் படங்களைப் பற்றிய முடிவைக் கடைசி நாளுக்கு விடக்கூடாது. நான் மூன்று நான்கு அமர்வுகளுக்கு முன்பே எல்லாப் படத்தையும் தரையில் வரிசையாகப் பரப்பிவிடுவேன், முதல் நாள் வரைந்ததிலிருந்து. இருவரும் சுற்றி நடந்து பார்ப்போம். பிறகு ஒவ்வொன்றாக அவர் முடிவு செய்வார்: இது என்னோடு வரும், இது இங்கே இருக்கட்டும், இதைக் கிழித்துவிடலாம். யாராவது கிழிக்க விரும்பினால் தடுக்கமாட்டேன், ஆனால் “இன்னும் ஒரு வாரம் வைத்துப் பார்க்கலாமா” என்று ஒருமுறை கேட்பேன். கடைசிப் பத்து நிமிடத்தில் கையில் திணிக்கப்படும் படத்துக்கு இப்படி எதற்கும் நேரம் கிடைக்காது. உங்களுக்கு நடந்தது அதுதான்.

படத்தின் மீதான எல்லை இன்னும் சின்ன விஷயங்களிலும் இருக்கிறது. நான் தொடக்கத்தில் செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஒன்பது வயதுப் பையன் ஒரு படகு வரைந்துகொண்டிருந்தான். பின்பக்கக் கோடு முன்பக்கத்தோடு சேரவில்லை, ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. தண்ணீர் உள்ளே வந்துவிடுமே என்று தோன்றியதோ என்னவோ, அவன் பென்சிலைக் கையில் எடுத்து அந்த இடைவெளியை நான் சேர்த்துவிட்டேன். இரண்டு நொடி வேலை. அவன் தாளைப் பார்த்தான், அப்புறம் அதை மெதுவாக என் பக்கம் தள்ளினான். “இது இனிமே உங்க படம்.” அடுத்த மூன்று வாரம் அவன் எதையும் வரையவில்லை. வண்ணப் பெட்டியில் பென்சில்களை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். உதவி என்று நினைத்து நான் செய்தது, அவனுக்கு ஏற்கெனவே வீட்டில் நடந்துகொண்டிருந்ததுதான்: யாரோ பெரியவர் வந்து அவனுடையதைக் கேட்காமல் சரி செய்வது. ஆர்ட் தெரபியின் முன்னோடிகளில் ஒருவரான எடித் கிராமர் இதைப் பற்றி ‘மூன்றாவது கை’ என்ற ஒரு கருத்தைச் சொன்னார். தெரபிஸ்டின் கை உதவலாம். நழுவும் களிமண்ணைப் பிடிக்கலாம், தேவையான நிறத்தைக் கலந்து தரலாம், ஆனால் தன் பாணியையோ தன் அர்த்தத்தையோ அந்தப் படத்தில் திணிக்கக்கூடாது. படித்திருந்தேன். ஆனால் அந்தப் பையன் தாளைத் தள்ளியபோதுதான் புரிந்தது.

அர்த்தம் சொல்வதும் இதே வகைதான். உங்கள் பதிவில் படத்தோடு ஏதாவது எழுதத்தானே போகிறீர்கள்? ‘இந்தக் கருப்பு அவருடைய மனச்சோர்வைக் காட்டுகிறது’ என்பது போல? தயவுசெய்து வேண்டாம். படத்தை வைத்து ஆளின் மனதைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை மிகப் பழையது, மிக இனிப்பானது, பெரும்பாலும் ஆதாரமில்லாதது. 1967-இல் உளவியலாளர்களான சாப்மன் தம்பதியர் செய்த ஆய்வு இதில் முக்கியமானது. மனித உருவப் படங்களையும் நோய்க்குறிகளையும் எந்தத் தொடர்பும் இல்லாமல் இணைத்து மாணவர்களுக்குக் காட்டினார்கள். இல்லாத தொடர்பை மாணவர்கள் ‘பார்த்தார்கள்’: கண்களை வித்தியாசமாக வரைந்தவர் சந்தேகப்படுபவர் என்பது போல. அனுபவமுள்ள உளவியலாளர்கள் நம்பிக்கொண்டிருந்ததும் அதே தொடர்புகளைத்தான். அனுபவம் கூடக் கூட இந்த மயக்கம் தானாகக் குறைவதில்லை. கருப்பு ஏன் என்று கேட்டால் “மத்த க்ரேயான் எல்லாம் ஒடஞ்சிருந்துச்சு” என்று சொன்ன குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். உறவினர்கள் படத்தைப் போனில் எடுத்து அனுப்பி “இதுல என்ன தெரியுது?” என்று கேட்பார்கள். வரைந்தவர் பக்கத்தில் இல்லாமல் எனக்கு எதுவும் தெரியாது என்றுதான் பதில் எழுதுகிறேன். அது தப்பிக்கும் பதில் இல்லை, உண்மையே அதுதான்.

ரகசியம் காப்பதற்குப் பொதுவாக ஒரு விதிவிலக்கு உண்டு: உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு. இதை முதல் அமர்விலேயே சொல்லிவிட வேண்டும். மேற்பார்வையில், அதாவது நம் வேலையைப் பற்றி மூத்த தெரபிஸ்டிடம் பேசும்போது, படத்தைக் காட்டுவேன் என்பதையும் அப்போதே சொல்ல வேண்டும், புதியவர்கள் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஒருவர் கத்தி வரைந்தால் அது கேட்பதற்கான காரணம், முடிவு கட்டுவதற்கான சான்று கிடையாது. கேளுங்கள், நேரடியாக. “இதைச் செய்ய நினைக்கிறீர்களா?” என்று கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயம் வேண்டாம்.

நிச்சயமாகச் சொல்லக்கூடியவையும் இருக்கின்றன. சிகிச்சைக்கு வருபவரோடு காதலோ உடலுறவோ கூடாது, எந்த விளக்கமும் இதை மாற்றாது. அவருடைய படத்தை விற்கவோ விலைக்கு வாங்கவோ கூடாது. படிக்காததைச் செய்யக்கூடாது. பிரிட்டனில் ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ என்ற பெயரே சட்டத்தால் காக்கப்பட்டது, பதிவு செய்யாதவர் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அந்தக் காவல் இல்லாத நாடுகள் ஏராளம். அங்கே வார இறுதிப் பட்டறை நடத்துபவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்கிறார், பாதுகாப்பு முழுக்க நம் மனசாட்சியை நம்பியிருக்கிறது. சந்தேகமானவையும் இருக்கின்றன. கிளையன்ட் வரையும்போது நாமும் பக்கத்தில் உட்கார்ந்து வரையலாமா? சிலருக்கு அது துணை, சிலருக்குப் போட்டி. நான் பெரும்பாலும் வரைவதில்லை, ஆனால் பேசவே முடியாத ஒரு பெரியவரோடு வாரக்கணக்கில் ஒரே தாளில் மாறி மாறிக் கோடு போட்டிருக்கிறேன். சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் கழித்து அவர் தன் ஓவியக் கண்காட்சிக்கு அழைத்தால் போகலாமா? போயிருக்கிறேன், போகாமலும் இருந்திருக்கிறேன். இரண்டு முறையும் மேற்பார்வையாளரிடம் பேசிவிட்டுத்தான்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. படத்தைப் போனில் எடுத்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். உங்கள் போன் தானாக எங்காவது சேமித்து, குடும்பத்தார் பார்க்கும் ஆல்பத்தில் போய் உட்கார்ந்திருக்கலாம். அங்கிருந்து அழியுங்கள். அமர்வுக் குறிப்பில் படம் கொடுக்கப்பட்டதையும் அவர் சொன்ன வார்த்தைகளையும் அப்படியே எழுதுங்கள். மேற்பார்வையாளரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம், இதற்குத்தான் அவர்கள் இருக்கிறார்கள். மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டால், முடிவுக்குப் பிந்தைய ஒரு சந்திப்புக்குப் படம் கொடுத்தவரை அழையுங்கள். வருவதும் வராததும் அவர் விருப்பம். வந்தால் இப்படிச் சொல்லலாம்: “நீங்க கொடுத்தது எனக்கு ரொம்ப முக்கியம். அதனாலதான் அதை என் பக்கத்துல போடல. அதை எங்க வெக்கலாம்னு சேர்ந்து யோசிக்கலாமா?” அவர் முகம் வாடலாம். ‘வேண்டாம்னு சொல்றீங்களா’ என்று கேட்கலாம். அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லாதீர்கள். அந்த வாட்டத்தோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள், எட்டு மாதமாக அதைத்தானே செய்திருக்கிறீர்கள். நாலு பேருக்கு உதவ வேண்டும் என்ற அவருடைய ஆசை உண்மையானதாக இருந்தால், அதை அவரே செய்ய வேறு வழிகள் அந்தப் பேச்சில் வரும்.

அதுவரை படத்தைச் சுவரில் மாட்ட வேண்டாம். பின்பக்கம் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களாக எழுதாமல், தேதியைத் தனித்தாளில் எழுதிக் கோப்போடு வையுங்கள். பேஸ்டல் என்கிறீர்கள், உதிரும். மேலே ஒரு பட்டர் பேப்பர் போட்டு, மடிக்காமல், பூட்டுகிற அலமாரியில் படுக்கையாக வையுங்கள்.